கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நுழையும் எண்: கொடைக்கானல் தங்குமிடம் ஒன்றின் ஸ்பேம் நிகழ்வு ஆய்வு

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை போகும் வழியில் ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்குமிடம். குடும்பமாக நடத்துகிறார்கள். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் சொந்த இணையதளம், அதில் மலைப்பூண்டு, பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வாங்கும் முறை, மழைக்கால ரோடு நிலவரம் என்று கட்டுரைகள். கூடவே ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், கூகுள் மேப்ஸில் ஒரு பதிவு, ஏற்கெனவே வந்து தங்கியவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு. சிறு தங்குமிடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. ஸ்பேம், அதாவது கேட்காமலே வந்து விழும் குப்பையும் மோசடிச் செய்தியும், இந்த எல்லா வாசல் வழியாகவும் உள்ளே வந்தது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

விஷயம் வெளியே வந்தது மே முதல் வாரத்தில், சீசன் சூடு பிடிக்கும் நேரத்தில். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் இரவு எட்டு மணிக்கு மேல் பனிக்குள் காரை ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. "அண்ணே, ரெண்டு ரூமுக்குப் பாதிப் பணம் போட்டாச்சே, போன்ல பேசுனது நீங்க இல்லையா?" என்றார் வந்தவர். "இல்லைங்க சார், எங்களுக்கு எதுவும் வரலைங்களே" என்பதைத் தவிர உரிமையாளரிடம் பதில் இல்லை. பணம் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. போட்ட எண் தங்குமிடத்தின் எண்ணே இல்லை. அது தங்குமிடத்தின் சொந்த ஃபேஸ்புக் பக்கத்திலேயே, ஒரு படத்துக்குக் கீழே, யாரோ எழுதிவிட்டுப் போன எண்.

நடந்த வரிசை

அந்தப் படத்தின் கீழ் மதுரைக்காரர் கேட்டிருந்தது ஒரே வரி: "மே முதல் வாரம் ரெண்டு ரூம் கிடைக்குமா?" தங்குமிடம் இருக்கும் இடத்தில் சிக்னல் நிலையாக இருக்காது. மழை பெய்து கரண்டும் போய்விட்டால் மணிக்கணக்கில் தொடர்பே இருக்காது. உரிமையாளர் அந்தக் கேள்வியைப் பார்த்தது இரவில். அதற்குள், கேள்வி விழுந்த சில நிமிடங்களிலேயே, தங்குமிடத்தின் பெயரையும் முகப்புப் படத்தையும் வைத்திருந்த இன்னொரு கணக்கு பதில் எழுதிவிட்டது: "ரூம் இருக்கு சார், வாட்ஸப் பண்ணுங்க", அடுத்து பத்து இலக்கம். கேட்டவர் அதைத் தங்குமிடத்தின் பதிலாகத்தான் எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மலைக்கு வருபவர்களின் அவசரமும் இதற்கு இடம் கொடுக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளி வாகனங்களுக்கு ஈ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வந்தது. பாஸ் கிடைத்த தேதிக்குள் அறை பிடித்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் இருப்பவர், முதலில் பதில் சொன்ன எண்ணுக்கே முன்பணம் அனுப்பிவிடுகிறார். "ஈ-பாஸ் எடுத்துத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று எழுதும் கணக்குகளும் இதே பக்கத்தில் இருந்தன. ஈ-பாஸ் அரசுத் தளத்தில் கட்டணமில்லாமல் கிடைப்பது. அதற்கு யார் பணம் கேட்டாலும் ஸ்பேம் என்றே கொள்ளலாம்.

எது குப்பை, எது ஆபத்து

தங்குமிடத்தார் ஸ்பேமோடு ஏற்கெனவே போராடிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் வேறு இடத்தில். இணையதளத்தில் தினமும் குவியும் சூதாட்ட, மருந்துக் கடைச் சுட்டிகளை (லிங்க்) வீட்டு மருமகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரிகிற தொல்லை அதுதான், நேரத்தை விழுங்குவதும் அதுதான். விருந்தினர் யாருடைய பணமும் அதனால் போகவில்லை.

அந்த வகை ஸ்பேமை எழுதுவது மனிதர் இல்லை. மென்பொருள்கள் வேர்ட்பிரஸ் தளங்களைத் தேடிப் பிடித்து, பக்கத்தைத் திறக்காமலேயே, கருத்தைப் பெறும் கோப்புக்கு நேராக அனுப்பிவிடுகின்றன. நோக்கம் தேடுபொறியில் தங்கள் தளத்தை மேலே ஏற்றுவது. இதைத் தடுக்கத்தான் கூகுள் 2005 ஜனவரியில், இந்தச் சுட்டியைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் நோஃபாலோ என்ற குறியைக் கொண்டுவந்தது. கருத்துகளில் வரும் சுட்டிகளுக்கு வேர்ட்பிரஸ் தானாகவே அதைச் சேர்க்கிறது. சுட்டி போட்டு ஆதாயம் பெரிதாக இல்லாவிட்டாலும் அனுப்புவதற்குச் செலவே இல்லை என்பதால் வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஆபத்தான ஸ்பேம் எண்ணிக்கையில் மிகக் குறைவு. மனிதர் கையால், தமிழில், தங்குமிடத்தின் குரலிலேயே எழுதுவது. அதில் சுட்டி இருக்காது, கெட்ட வார்த்தை இருக்காது. ஆகவே தானியங்கி வடிகட்டிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. மூன்றாவது வகை இன்னும் மறைவானது: கூகுள் மேப்ஸ் பதிவில் தொலைபேசி எண்ணை மாற்றச் சொல்லிப் பரிந்துரை செய்வது. அந்த வசதி பொதுமக்கள் யாருக்கும் உண்டு. உரிமையாளர் கவனிக்காமல் விட்டால் மாற்றம் நடப்புக்கு வந்துவிடக்கூடும். இந்தத் தங்குமிடத்தில் எண் மாறவில்லை. ஆனால் யாரோ ஏற்றிய படங்களில் ஒன்றில் அறையின் படத்துக்கு மேலேயே வேறொரு எண் பதிந்திருந்தது.

ஆகவே வேலையின் வரிசை மாறியாக வேண்டியிருந்தது. அளவைப் பார்க்காமல், யாருக்கு நஷ்டம் என்று பார்த்து ஒழுங்குபடுத்தினால் மேப்ஸ் எண்ணும் ஃபேஸ்புக் பதில்களும் முதலில் வருகின்றன. இணையதளக் குப்பை கடைசியில் வருகிறது.

அன்று இரவே செய்ய வேண்டியவை

ஏமாந்தவர் முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிய வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, தன் வங்கியின் பெயர், யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், எதிராளியின் யூபிஐ முகவரியும் கைப்பேசி எண்ணும், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதற்குள் வங்கிகள் அதை நிறுத்திவைக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. ஆகவே முதல் சில மணி நேரம்தான் கணக்கு. இங்கே மூன்று நாள் கழிந்துவிட்டது. புகார் பதிவானது, பணம் திரும்பவில்லை.

தங்குமிடத்தின் தரப்பிலும் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். தங்கள் பெயரில் ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது. கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அந்த எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக எண்களைத் தெரிவிக்கும் சக்ஷு பகுதியிலும் தெரிவிக்கலாம்.

போலிக் கருத்தை உடனே அழித்துவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. கோபத்தில் கை முதலில் அங்கேதான் போகும். அழித்தால் சான்றும் போய்விடும். முதலில் கருத்து, அதை எழுதிய கணக்கின் முகவரி, தேதியும் நேரமும் மூன்றும் தெரிய ஸ்கிரீன்ஷாட். அடுத்து அந்தக் கணக்கை ஃபேஸ்புக்கிடம் ஆள்மாறாட்டம் என்று புகார் செய்தல். பிறகு கருத்தை மறைத்தல். மறைத்த கருத்து எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தொடர்ந்து தெரியும். தன்னைப் பிடித்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது, உடனே அடுத்த கணக்கைத் திறக்கவும் மாட்டார். அழித்தால் அந்த அவகாசம் கிடைக்காது.

தமிழ்ச் சொல் வடிகட்டி ஏன் கைவிடுகிறது

தடுக்கும் சொற்களின் பட்டியல் ஃபேஸ்புக் பக்கத்திலும் உண்டு, இன்ஸ்டாகிராமிலும் உண்டு, வேர்ட்பிரஸிலும் உண்டு. தங்குமிடத்தார் இதை ஏற்கெனவே நிரப்பியிருந்தார்கள்: கடன், லோன், பணம், அட்வான்ஸ் என்று. பாதி ஸ்பேம் அப்படியும் நுழைந்தது. காரணம் தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. இதைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கணினிக்கு "கடன்" என்பது க, ட, ன, புள்ளி என நான்கு குறிகள். "கடனுக்கு" என்று எழுதும்போது ன-வுக்குப் பின் புள்ளி இல்லை, உகரக் குறி இருக்கிறது. ஆகவே "கடன்" என்று பட்டியலில் போட்டால் "கடனுக்கு", "கடனாக", "கடனை" எதுவும் சிக்காது. வேர்ட்பிரஸ் பட்டியல் சொல்லின் நடுவிலும் பொருத்திப் பார்க்கும். அதனால் அங்கே கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு "கடன" என்று இட வேண்டும். அப்போது எல்லா உருபுகளும் சிக்கும். "அட்வான்ஸ" என்று இட்டால் "அட்வான்ஸா", "அட்வான்ஸுக்கு" இரண்டும் சிக்கும்.

மகரத்தில் முடியும் சொற்களில் இந்த வழி செல்லாது. "பணம்" உருபேற்றால் "பணத்தை", "பணத்துக்கு". பொதுவாக மிஞ்சுவது "பண". அதைப் பட்டியலில் இட்டால் பணி, பண்டிகை, பண்ணைக்காடு மூன்றும் மாட்டிக்கொள்ளும். கீழ்மலையிலிருந்து ஒருவர் பண்ணைக்காடு ரோட்டைப் பற்றிக் கேட்டாலும் அவர் கருத்து நின்றுவிடும். பேச்சுத் தமிழில் "பண்ணுங்க" இல்லாத கருத்தும் அபூர்வம், ஆகவே பக்கமே நின்றுபோகும். "பணம", "பணத்" என்று இரண்டாக இடுவதே சரி. "முன்பண" என்று நீளமாக இடுவது அதைவிடப் பாதுகாப்பானது.

எழுத்து ஒன்றுபோலத் தெரிந்து குறியீடு வேறாக இருப்பது அடுத்த சிக்கல். "லோன்" என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. வடிகட்டி இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால் இரண்டாவது தப்பிவிடும். ஒகர, ஓகார, ஔகார எழுத்து வரும் சொற்களை இரு வடிவிலும் பட்டியலில் சேர்க்க வேண்டும். தப்பித்த கருத்திலிருந்தே அந்தச் சொல்லை நகலெடுத்து ஒட்டுவது எளிய வழி. கையால் தட்டச்சு செய்தால் உங்கள் விசைப்பலகையின் வடிவம்தான் மறுபடி விழும். சில பழைய தட்டச்சு மென்பொருள்கள் எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறியைப் போடுவதும் உண்டு. நகலெடுத்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

ஃபேஸ்புக்கில் சொல் முழுதாகப் பொருந்தினால்தான் சிக்கும் என்று வைத்துக்கொண்டு, வடிவங்களை எல்லாம் தனித்தனியாக எழுதிவிடுவது நல்லது: வாட்ஸப், வாட்சப், வாட்ஸ்அப், வாட்சாப், ஆங்கில எழுத்தில் மக்கள் தட்டும் நாலைந்து வடிவங்கள். தொலைபேசி எண்ணுக்கும் இதே யோசனை. நம்மூரில் பத்து இலக்கத்தை ஐந்தைந்தாகப் பிரித்து எழுதும் வழக்கம் உண்டு. ஆகவே ஒரு மோசடி எண்ணை மூன்றாகச் சேர்க்க வேண்டும்: பத்தும் சேர்த்து, முதல் ஐந்து, கடைசி ஐந்து. சைபருக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைப் போடுபவர்களை இது பிடிக்காது. படத்தில் எண்ணை எழுதி ஏற்றுபவர்களையும் பிடிக்காது. அதற்கு ஃபேஸ்புக் பக்கத்தில், கருத்துகளைத் தானாக மறைக்கும் மாடரேஷன் அசிஸ்ட் பகுதியில் சுட்டி உள்ள கருத்து, முகப்புப் படம் இல்லாத கணக்கு போன்ற நிபந்தனைகளை இயக்கி வைக்கலாம். இந்தத் தங்குமிடத்தில் போலிக்கு முகப்புப் படம் இருந்தது என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

வேர்ட்பிரஸில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்றில் இருக்கும் சொல் வந்தால் கருத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கும். மற்றதில் இருந்தால் நேரே குப்பைத்தொட்டிக்குப் போகும். தமிழ்ச் சொற்களை முதல் பட்டியலில் மட்டுமே போடுங்கள். கடனா நதியைப் பற்றி எழுதும் பயணி குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது.

பதிலின் வேகம்

வடிகட்டி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் போலி எண் உட்காரும் இடம் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள நேரம்தான். அந்த நேரத்தைக் குறைத்ததுதான் இங்கே உண்மையில் பலன் தந்தது.

ஒவ்வொரு பதிவின் முதல் வரியிலும் தங்குமிடத்தின் எண் எழுதப்பட்டது, "இந்த எண் தவிர வேறு எந்த எண்ணிலும் நாங்கள் பேசுவதில்லை" என்ற வரியோடு. அறைப் படங்களின் மேலும் அதே எண்ணைப் பதித்தார்கள். மெசெஞ்சருக்கும் வாட்ஸப் பிசினஸுக்கும் தானியங்கிப் பதில் வைத்தார்கள்: "வணக்கங்க, சிக்னல் கிடைச்சதும் நாங்களே கூப்பிடுறோம். எங்க பேர் சொல்லி வேற நம்பர்ல யாராவது அட்வான்ஸ் கேட்டா தயவுசெஞ்சு போடாதீங்க." திண்டுக்கல்லில் இருக்கும் உறவினர் ஒருவருக்குப் பக்கத்தில் கருத்துகளைக் கவனிக்கும் பொறுப்பு மட்டும் கொடுக்கப்பட்டது. மலையில் இணைப்பு அறுந்தாலும் கீழே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு முழு அதிகாரம் கொடுக்கவில்லை. அது சரியான முடிவு. "உங்கள் பக்கம் முடக்கப்படும், இங்கே முறையிடுங்கள்" என்று பக்கத்தைக் குறித்து வரும் போலி அறிவிப்புகளில் அவர் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாலும் பக்கம் பறிபோகாது. இரட்டைச் சரிபார்ப்பு எல்லாருக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டுதான். யூபிஐயில் பின் போடுவதற்கு முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள், அது வங்கிக் கணக்கில் உள்ள பெயர். எந்தப் பெயர் வரும் என்பதைத் தங்குமிடம் முன்கூட்டியே எழுதிவைத்தது. அடுத்து, ஃபேஸ்புக் பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் அது தொடங்கிய தேதியும் பழைய பெயர்களும் தெரியும். பல வருடமாக நடக்கும் தங்குமிடத்தின் பக்கம் போன வாரம் தொடங்கியிருந்தால் அங்கே பேச வேண்டாம்.

கூகுள் மேப்ஸில் போலிப் படத்தையும், எண் எழுதிய விமர்சனங்களையும் ஒவ்வொன்றாகப் புகார் செய்ய வேண்டும். விமர்சனத்தில் விளம்பரம் செய்வது கூகுளின் விதிக்கே எதிரானது, ஆகவே "பொய்" என்று வாதாடுவதைவிட "விளம்பரம்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். முடிவு வரப் பல நாள் ஆகலாம். எண், முகவரி, நேரம் மூன்றையும் வாரம் ஒருமுறை, உரிமையாளர் கணக்கிலிருந்து வெளியேறிப் பொதுவாகப் பார்ப்பவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

இணையதளத்தில் மாற்றியவை

முன்பு தங்குமிடத்தார் இரண்டு வேலை செய்திருந்தார்கள், இரண்டும் விருந்தினரையே தடுத்தன. ஒன்று, ஸ்பேம் வந்த ஐபி முகவரிகளை (இணைய இணைப்பின் எண்) தடுத்தது. கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால் ஒன்றைத் தடுத்தால் நல்லவர்களுக்கும் தளம் திறக்காது. மற்றொன்று, முன்பதிவுப் படிவத்தில் மனிதர்தானா என்று சோதிக்கும் படப் புதிர் (கேப்ட்சா) வைத்தது. வத்தலக்குண்டு மலை ரோட்டில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இருப்பவருக்குப் படம் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். காசு வாங்கிக்கொண்டு புதிரைத் தீர்த்துக்கொடுக்கும் ஆட்களும் இருக்கும்போது, அந்தப் பூட்டு திருடனைவிட வீட்டுக்காரனைத்தான் அதிகம் வருத்தும்.

அதற்குப் பதில் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிக் கட்டம் வைக்கப்பட்டது. மென்பொருள் எல்லாக் கட்டத்தையும் நிரப்பும். இதில் எழுத்து இருந்தால் படிவம் ஏற்கப்படாது. தானாக நிரப்பும் வசதியை அந்தக் கட்டத்துக்கு அணைத்துவைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் உலாவியே அதை நிரப்பி நல்லவரையும் தள்ளிவிடும். திறந்த சில விநாடிக்குள் அனுப்பிய படிவத்தை மறுக்கும் முறையும் உண்டு. ஆனால் பக்கத்தைச் சேமித்துவைத்துக் காட்டும் கேச் நீட்டிப்பு இயங்கினால் பழைய நேரமே பதிந்திருக்கும், சோதனை பொய்யாகிவிடும். அந்தப் பக்கத்தைக் கேச்சிலிருந்து விலக்கி வையுங்கள்.

வேர்ட்பிரஸின் டிஸ்கஷன் அமைப்புகளில், பிற தளம் நம் பதிவுக்குச் சுட்டி கொடுத்தால் வரும் பிங்பேக் அறிவிப்பு அணைக்கப்பட்டது. அந்த மாற்றம் இனி எழுதும் பதிவுகளுக்கு மட்டுமே செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழையவற்றைப் பதிவுப் பட்டியலில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் தனியே மாற்ற வேண்டும். பழைய கட்டுரைகளுக்குக் கருத்து மூடப்பட்டது, ரோடு நிலவரக் கட்டுரைக்கு மட்டும் திறந்தே விடப்பட்டது. எத்தனை சுட்டி இருந்தால் நிறுத்த வேண்டும் என்ற அளவு இயல்பாக இரண்டு, அதை ஒன்றாக்கினார்கள். எழுதுபவரின் இணையதளக் கட்டத்தில் இடும் முகவரி அந்தக் கணக்கில் சேராது. "அருமையான பதிவு" என்று மட்டும் எழுதி, அந்தக் கட்டத்தில் சுட்டியை வைப்பவர்கள் அப்படித்தான் நுழைகிறார்கள். ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் அதே பெயரும் மின்னஞ்சலும் அடுத்த முறை கேள்வியில்லாமல் உள்ளே போய்விடும். அந்தக் கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேர்ட்பிரஸுக்கான ஸ்பேம் வடிகட்டிகளில் அகிஸ்மெட் நல்லதுதான், ஆனால் அதன் இலவசத் திட்டம் வணிகம் சாராத தனிநபர் தளங்களுக்கு மட்டும். தங்குமிடம் என்றால் கட்டணம் உண்டு.

வாட்ஸப் குழுவின் அழைப்புச் சுட்டி பழைய பதிவொன்றில் பொதுவில் கிடந்தது. சுட்டியை மாற்றி, புதியவரைச் சேர்க்க நிர்வாகி ஒப்புதல் வேண்டும் என்று வைத்ததும் குழுவுக்குள் வந்துகொண்டிருந்த பகுதிநேர வேலை விளம்பரங்கள் நின்றன.

போலிக் கணக்கு புகாருக்குப் பிறகு மறைந்தது. பின்னர் பெயரில் ஓர் எழுத்து மாற்றி வேறொன்று முளைத்தது. முதல் முறை எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளும் புகார் எண்ணும் ஒரே கோப்புறையில் இருந்ததால் இரண்டாவது புகார் அன்றே போனது. எண் எழுதிய படங்களைத் தானாகப் பிடிக்கும் வழி இன்னும் அவர்களிடம் இல்லை. அவற்றைத் திண்டுக்கல்லில் இருப்பவர் காலையும் மாலையும் கண்ணால் பார்த்து மறைத்துவருகிறார்.